வீட்டுக்கு ஒரு பவர் சப்ளை!

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



தையல் பழகுகிறவர் வீட்டில் ஒரு மெஷின் இருக்கும். சைக்கிள் கடையில் வேலை பழகும் பையனின் பையில் ஒரு ஸ்பேனராவது இருக்கும். கொத்தனார் தன் கரண்டியையும் தூக்குக்குண்டையும் யாரிடமும் கடன் கேட்க மாட்டார். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிற நம் வீட்டில் என்ன இருக்கிறது? செல்போன் சார்ஜர் இருக்கிறது. அதுவும் பாதி பேர் வீட்டில் வயர் பிய்ந்து, செல்லோ டேப் சுற்றி இருக்கிறது!

நம் துறையில் படிக்கும் ஒவ்வொருவரும் இறுதியாண்டு முடிவதற்குள் தன் கையால் ஓர் அட்ஜஸ்டபிள் பவர் சப்ளை செய்து வீட்டில் வைத்திருக்க வேண்டும். அதற்கு நம் மாணவர் மன்றம் துணை நிற்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். "இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

லேபில் நடப்பது என்ன?

லேபில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர் நிற்கிறோம். ஒருவர் கனெக்‌ஷன் கொடுப்பார். ஒருவர் ரீடிங் எழுதுவார். மீதி மூன்று பேர் வேடிக்கை பார்ப்போம். மணி அடித்ததும் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். ரெக்கார்டு நோட்டில் ஐந்து பேருக்கும் ஒரே ரீடிங். இதில் யாரையும் குறை சொல்லவில்லை. இருக்கிற நேரமும் இருக்கிற கருவியும் அவ்வளவுதான்.

சரி, வீட்டில் செய்து பார்க்கலாம் என்று ப்ரெட்போர்டு வாங்கினால் அடுத்த கேள்வி, சப்ளைக்கு எங்கே போவது? எல்லாரும் வாங்குவது அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி. எல்இடி எரியும். ஒரு சின்ன மோட்டாரைச் சேர்த்தால் வோல்டேஜ் படுத்துவிடும். அந்த பேட்டரிக்குள் இருக்கும் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் அப்படி. நம் சர்க்யூட் தப்பா, பேட்டரி தப்பா என்று தெரியாமலே பலர் "எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது எவ்வளவு பெரிய அநியாயம்!

செலவு எவ்வளவு?

நம்மில் பெரும்பாலோர் கூலி வீட்டுப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். ஆகவே காசு விஷயத்தை மறைக்காமல் பேசிவிடுவோம்.

எனக்கு ஆன செலவு இது. டிரான்ஸ்ஃபார்மர் 340 ரூபாய், பிரிட்ஜ் 25, பெரிய கெப்பாசிட்டர் 55, ஐசி 20, ஹீட் சிங்க்கும் மைக்கா வாஷரும் 45, பாட்டும் நாப்பும் 40, சில்லறைப் பொருட்கள் 30, ஸ்விட்ச், ஃபியூஸ் ஹோல்டர், டெர்மினல் 75, மூன்று கோர் வயர் 70, டிஜிட்டல் மீட்டர் 150, காயலான் கடையில் எடுத்த பழைய யுபிஎஸ் பெட்டி 60. ஆக மொத்தம் 910 ரூபாய். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இது மாறும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு விலை, நம்ம ஊர் ஸ்பேர்ஸ் கடையில் ஒரு விலை.

அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்காக 2022-ல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்காக 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் 1000 ரூபாய். அப்படி எனக்கு வந்த ஒரு மாதப் பணம் இந்தப் பெட்டியாக மாறியது. மற்ற மாதங்களில் அது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டுக்கும் போனது. எங்கே போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த ஒரு மாதப் பணத்தை மட்டும் கை நீட்டிக் காட்ட முடியும்.

பெட்டிக்குள் என்ன?

230 வோல்ட் ஏசியை 15 வோல்ட்டாகக் குறைக்கும் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். அதையடுத்து பிரிட்ஜ் ரெக்டிஃபையர். அடுத்து 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர். அடுத்து எல்எம் 317 ஐசி. முதலாமாண்டிலிருந்து தனித்தனிப் பாடமாகப் படித்த நான்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்த 317-ஐப் பற்றி ஒரு செய்தி. 1976-ல் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் என்ற பொறியாளர் வடிவமைத்தது. அந்த நிறுவனத்தையே 2011-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கிவிட்டது. என் அப்பா வயது இருக்கும் அந்த ஐசிக்கு. இன்றும் கடையில் போய் "317 ஒண்ணு குடுங்கண்ணே" என்றால் கிடைக்கிறது.

அதன் கணக்கு சின்னது. வெளியீடு = 1.25 × (1 + ஆர்2 ÷ ஆர்1). நான் ஆர்1 ஆக 120 ஓம் போட்டேன். பல சர்க்யூட்டுகளில் 240 இருக்கும். ஆனால் லோடு எதுவும் இல்லாதபோதும் 317 ஒழுங்காகக் கட்டுப்பட அதற்கு 10 மில்லி ஆம்பியர் வரை ஓட்டம் தேவைப்படலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. 1.25-ஐ 120-ஆல் வகுத்தால் 10.4 மில்லி ஆம்பியர். கவலை தீர்ந்தது. ஆர்2-க்கு 2.2 கிலோ ஓம் பாட். அதற்கு இணையாக 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டும் சேர்ந்து 1.32 கிலோ ஓம். ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள், சரியாக 15 வோல்ட்! பேரலல் ரெசிஸ்டர் கணக்கைப் பரீட்சைக்காக எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அது ஒரு நாப்பின் கடைசி முனையில் வந்து நிற்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, 7805-ன் கால் வரிசை வேறு, 317-ன் கால் வரிசை வேறு. எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் 317-க்கு இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன். இரண்டு, 7805-ன் உலோக முதுகு கிரவுண்ட். 317-ன் முதுகு அவுட்புட். மைக்கா வாஷர் இல்லாமல் உலோகப் பெட்டியில் திருகினால் பெட்டி முழுதும் அவுட்புட்தான். மூன்று, 317-ஐச் சுற்றி இரண்டு 4007 டயோடு கட்டாயம் வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகு கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சார்ஜ் ஐசிக்குள் தலைகீழாகப் பாய்ந்து கெடுக்காமல் அவை காக்கும்.

இந்தப் பெட்டி பூஜ்யத்துக்கு இறங்காது. 1.25 வோல்ட்டில் நின்றுவிடும். நம் வேலைக்கு அது போதும்.

பெட்டி கேட்கும் கேள்விகள்

டிரான்ஸ்ஃபார்மரில் 15 என்று எழுதியிருக்கிறது. கெப்பாசிட்டரின் இரு முனையிலும் மீட்டர் வைத்தால் 22 காட்டுகிறது. கூடுதல் 7 வோல்ட்டை யார் கொடுத்தார்கள்? 15 என்பது ஆர்எம்எஸ். கெப்பாசிட்டர் நிரம்புவது அலையின் உச்சி வரைக்கும், அதாவது 1.414 மடங்கு. அதில் டயோடுகளுக்கு 1.4 வோல்ட் போகும். லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுக்கும். இதனால்தான் 25 வோல்ட் கெப்பாசிட்டரை நம்பாமல் 50 வோல்ட் போட்டது.

1 ஆம்பியர் எடுக்க 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்னத்துக்கு? கெப்பாசிட்டர் உச்சி வரும் நேரத்தில் மட்டும் மடக் மடக்கென்று குடிக்கிறது. அந்தத் துண்டு துண்டான ஓட்டத்தின் ஆர்எம்எஸ், வெளியே போகும் டிசியைவிட அதிகம். ஒரு ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் அது சூடாகி வேகும்.

5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் ஹீட் சிங்க் ஏன் கையைச் சுடுகிறது? உள்ளே சராசரி 19 வோல்ட், வெளியே 5 வோல்ட். இடையில் இருக்கும் 14 வோல்ட்டும் 1 ஆம்பியரும் சேர்ந்து 14 வாட் சூடு. நம் 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதிக்கு மேல்! சின்ன ஹீட் சிங்க் தாங்காது. நல்லவேளை, அளவு மீறினால் 317 தானே அடங்கிக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சாயங்காலம் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு லைட் மங்கும். அப்போது கெப்பாசிட்டரில் மீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட் இறங்குவது தெரியும். வெளியீட்டில் வைத்தால் 5 என்றால் 5-தான். அசையாது. "லைன் ரெகுலேஷன்" என்று இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிய சொல், எங்கள் திண்ணையில் நடந்தது.

"வாங்கினா போச்சு!" என்பவர்களுக்கு

"சில ஆயிரம் கொடுத்தா 30 வோல்ட் 5 ஆம்பியர் ரெடிமேடா கிடைக்குதே?" என்று ஒரு நண்பர் கேட்டார். கிடைக்கிறது. கரண்ட் லிமிட்டும் சேர்ந்தே வருகிறது. சில ஆயிரம் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். இல்லாதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

"இது எஸ்எம்பிஎஸ் காலம், லீனியர் சப்ளை பழசு" என்று இன்னொருவர். அதுவும் உண்மை. 19 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்கும்போது நம் பெட்டி முக்கால் பங்கு சக்தியைச் சூடாக்கி வீணடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாகத்திலும் மீட்டர் வைத்து, எங்கே என்ன நடக்கிறது என்று நம்மால் பார்க்க முடிகிற சப்ளை இதுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மூன்னூறு வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். பழகாத கை அங்கே போகக் கூடாது.

கரண்ட் லிமிட் இல்லையே என்ற குறை நியாயமானது. அதற்கு நம்ம ஊர் வழி ஒன்று இருக்கிறது. வெளியீட்டில் தொடராக ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட். ஷார்ட் ஆனால் பல்பு எரியும். ஓட்டம் ஒரு ஆம்பியரைத் தாண்டாது. புது சர்க்யூட்டை முதன்முதலாகச் சோதிக்கும்போது பல்பு எரிந்தால் உடனே அணைத்துவிடலாம். ஐசி பிழைக்கும்.

230 வோல்ட் விளையாட்டு இல்லை

நண்பர்களே, இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி பக்கம் உயிரை எடுக்கும் பக்கம். தனியாக இருக்கும்போது அந்த வேலை வேண்டாம். ஃபேஸ் லைனில் ஸ்விட்சும் ஃபியூஸும் வர வேண்டும். உலோகப் பெட்டி என்றால் மூன்று பின் ப்ளக், எர்த் வயர் பெட்டியோடு இறுகத் திருகியிருக்க வேண்டும். வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் போட வேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். ப்ளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. முதல் தடவை போடும்போது டிவி மெக்கானிக் அண்ணன்கள் வைத்திருக்கும் சீரீஸ் போர்டில், 60 வாட் குண்டு பல்பு வழியாகப் போடுங்கள். பல்பு லேசாக மின்னி அணைந்தால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட்.

வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் எர்த் கம்பி பாதியில் அறுந்து கிடந்தது. பெட்டி செய்யப் போய்த்தான் அது தெரிந்தது. வயர்மேனைக் கூட்டிவந்து சரி செய்தோம்.

பிரைமரி வேலைக்குத் துணிவு வராதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பழைய லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட் டிசி தரும். அதை வெளியே வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் 317 மட்டும் போடுங்கள். 230 வோல்ட்டைத் தொடவே வேண்டாம்.

நான் சால்டரிங் செய்துகொண்டிருந்தபோது எங்கள் பெரியம்மா, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி கரண்டுல வேலை?" என்றார். அம்மா திரும்பிப் பார்க்காமலே, "அவ படிக்கிறதே அதுதான்க்கா" என்றார். என் வகுப்புத் தோழிகளுக்காக இதை எழுதுகிறேன். லேபில் ரீடிங் எழுதும் வேலை எப்போதும் நம்மிடமே வருகிறது. நம் கையெழுத்து அழகாக இருக்கிறதாம்! வீட்டில் சொந்தப் பெட்டி இருந்தால் கனெக்‌ஷன் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இரண்டு பெட்டி சேர்ந்தால்

741 ஆப்-ஆம்ப்புக்கு ப்ளஸ் 12, மைனஸ் 12 என்று இரண்டு சப்ளை வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்று. பக்கத்து ஊர்த் தோழி அதேபோல ஒன்று செய்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் பெட்டியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். ஒரு பெட்டியின் மைனஸையும் மற்றதன் ப்ளஸையும் சேர்த்தோம். சேர்ந்த இடம் கிரவுண்ட். டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்திருப்பதால் இரண்டு வெளியீடும் எதையும் சாராமல் மிதக்கின்றன. அதனால்தான் இது முடிகிறது. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் சாயங்காலம் வரை ஆம்ப்ளிஃபையர் சோதனைகளைச் செய்தோம். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ஏம்மா, ஒண்ணுல வராதது ரெண்டு சேந்தா வருதோ?" என்றார். "ஆமாப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

உண்மையான பிரச்சனை

இறுதியாண்டு வந்ததும் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ப்ராஜெக்ட் செய்து தருகிறோம் என்று போர்டு மாட்டிய கடைகளுக்குப் போகிறோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு பெட்டியும், பைண்ட் செய்த ரிப்போர்ட்டும் வாங்கி வருகிறோம். வைவாவில் "இந்த ரெசிஸ்டர் எதுக்கு?" என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறோம். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போய் வந்த காசு. அதைக் கொடுத்து நாம் வாங்குவது, "எனக்குத் தெரியாது" என்பதற்கான ரசீது.

இதைக் கோபமாக எழுதவில்லை. அப்படி வாங்குகிறவர்கள் சோம்பேறிகள் என்றும் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க வீட்டில் ஒரு சப்ளை இல்லாதவர், மல்டிமீட்டர் இல்லாதவர், சந்தேகம் கேட்க வீட்டில் படித்த அண்ணன் அக்கா இல்லாதவர் கடைசி மாதத்தில் வேறென்ன செய்வார்? முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற நமக்குக் குறைவது அறிவு இல்லை. செய்து பார்க்க ஓர் இடமும், தப்பாகப் போனால் மறுபடி செய்ய நேரமும்தான் குறைகின்றன. பவர் சப்ளை வீட்டில் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கும் அந்த இடம் திறந்திருக்கும்.

மன்றத்துக்கு நான்கு வேண்டுகோள்

1. ஆண்டுத் தொடக்கத்தில் பெயர் பதிவு செய்து, பாகங்களை மொத்தமாக வாங்கித் தாருங்கள். ஐம்பது டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றாகக் கேட்டால் கடைக்காரர் விலை குறைப்பார்.

2. மாதம் இரண்டு சனிக்கிழமை மதியம் லேபைத் திறந்து வைக்க நிர்வாகத்திடம் பேசுங்கள். ஆசிரியர் ஒருவர் பிரைமரி வயரிங்கைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே எந்தப் பெட்டிக்கும் கரண்ட் என்று விதி வையுங்கள்.

3. மன்ற நிதியில் ஐந்து சால்டரிங் அயர்ன், ஐந்து மல்டிமீட்டர், இரண்டு சீரீஸ் போர்டு வாங்கி, நூலகப் புத்தகம்போல வீட்டுக்கு இரவல் கொடுங்கள்.

4. தானே செய்த சப்ளையை விளக்கிக் காட்டுகிறவருக்கு இன்டர்னல் மதிப்பெண்ணில் ஏதாவது இடம் தரும்படி துறையிடம் கேளுங்கள்.

ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம் செய்கிறோம், கச்சேரி வைக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும்தான் கைதட்டினேன். அதில் ஒரு பங்கு இதற்கும் போகட்டும் என்றுதான் கேட்கிறேன்.

முதலாமாண்டுத் தம்பி தங்கைகளே! உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு மலரில் இதே பக்கத்தில் எத்தனை பெட்டிகள் முடிந்தன, எத்தனை வீடுகளில் எரிகின்றன என்ற கணக்கை நீங்கள் எழுத வேண்டும். நான் அப்போது எங்கோ வேலையில் இருப்பேன். மலரை வாங்கி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.

வீட்டுக்கு ஒரு பவர் சப்ளை! தொடங்குவோம் நண்பர்களே!